மூணாவது மாடியில் ஏரி தெரியும்

ஏரியோரத்தில் எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் மரங்கள் கை கோத்து நிற்கும் தெருக்கள், நடந்து போகிற தூரத்தில் ரயில் நிலையம், பெரிய மருத்துவமனை, பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் தவம் கிடக்கும் பள்ளிக்கூடம். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வீடு. இருக்கிற வீட்டை யாரும் விற்க மாட்டார்கள். புது வீட்டை யாரையும் கட்ட விட மாட்டார்கள். அங்கே ஒரு வீடு காலியாகிறது என்றால் உள்ளே இருந்தவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்போதும் அவருடைய பிள்ளைகள் ஆளுக்கொரு வக்கீலோடு வாசலில் நிற்பார்கள்.

நான் கட்டட வரைபடம் போடுகிறவள். செருப்புக் கடைக்கு மேலே எனக்கு ஒரு சின்ன ஆபீஸ். ஊருக்கு வெளியே நான் வரைந்த வீடுகள் நிறைய நிற்கின்றன. ஏரியோரத்தில் அப்போது ஒன்றுகூடக் கிடையாது. அது என் தொழிலில் ஒரு முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் டைல்ஸ் அண்ணன் படியேறி வந்தார்.

ஒரு பழைய வேனில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவர் அவர். பிறகு குளியலறைக் காண்ட்ராக்ட், அதற்குப் பிறகு முழு வீடு என்று வளர்ந்தார். பில்டர் என்று விசிட்டிங் கார்டு அடித்த பிறகும் ஊருக்கு அவர் டைல்ஸ்தான். ஏரியோரத்தில் மூடிக் கிடந்த பிஸ்கட் ஃபாக்டரியை வாங்கியிருந்தார்.

"தங்கச்சி, பதினாறு வீடு," என்றார். "தரைத்தளம், மேல மூணு மாடி. அரண்மனை வேணாம். ரெண்டு பெட்ரூம், நின்னு சமைக்க இடம், துணி காயப்போட பால்கனி. டீச்சர், நர்ஸ், பேங்க் கிளார்க், இவங்கல்லாம் வாங்குற மாதிரி போடு."

"எப்ப முடிக்கலாம்னு இருக்கீங்க அண்ணே?"

"அடுத்த மழைக்குள்ள கூரை போட்டுடலாம்."

நான் சிரித்துவிட்டேன். சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார்.

கட்டட அனுமதி தரும் திட்ட அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்த அதிகாரிக்கு 'பார்க்கலாம் சார்' என்று பெயர். தங்கமான மனிதர். ஒரு காசு லஞ்சம் வாங்க மாட்டார். வாங்குகிற ஆளாக இருந்தால் வேலையாவது நடந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. 'சரி' என்றும் சொன்னதில்லை.

"அருமையான திட்டம்," என்றார் வரைபடத்தைத் தடவிக்கொண்டே. "தீயணைப்பு, தண்ணீர், மரம், போக்குவரத்து, நிழல், இதுக்கெல்லாம் சான்று வாங்கிட்டு வாங்க. அப்புறம் அங்க குடியிருக்கிறவங்க கருத்து. அப்புறம் பார்க்கலாம்."

"நிழலுக்குமா சார் சான்று?" என்றார் டைல்ஸ் அண்ணன்.

"உங்க கட்டடத்தோட நிழல் யார் வீட்டு மேல, எந்த நேரத்துல விழுதுன்னு காட்டணும்ல?"

காட்டினோம். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வருஷம்தான் ஆயுள். கடைசிச் சான்று கைக்கு வரும்போது முதல் சான்று காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிப்பதற்குள் இரண்டாவது போய்விட்டது.

"இது என்ன சார் பால் பாக்கெட்டா, கெட்டுப் போறதுக்கு?" என்று டைல்ஸ் அண்ணன் கொதித்தார்.

அதிகாரி ரசித்துச் சிரித்தார். "நல்லா சொன்னீங்க. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

இப்படியாக ஒரு மழைக்காலம் போய், இன்னொன்றும் போய், ஒருவழியாக எல்லாச் சான்றுகளும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்த ஒரு வாரத்தில், குடியிருப்போர் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அங்கே இருந்தது சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகள். ஏரியோரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் அட்டையில் செய்த மாதிரிக் கட்டடத்தை மேசை மேல் வைத்தேன். ஸ்பாஞ்சை வெட்டிச் சாயம் தோய்த்து மரங்கள்கூட நட்டிருந்தேன். அதை எல்லோரும் ஒரு பிரேதத்தைப் பார்ப்பது மாதிரி சுற்றி வந்து பார்த்தார்கள்.

ஏரியோரத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பெரிய டீச்சர். அதே பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஐந்து படுக்கையறை கொண்ட வீட்டில் தனியாக இருந்தார். அவர் குரல் உயர்ந்தால் ஹாலில் இருந்த வழுக்கைத் தலைகள்கூட நிமிர்ந்து உட்காரும். பாதிப் பேர் அவரிடம் காது திருகு வாங்கியவர்கள். அந்தப் பகுதியில் எழும்பாத கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான் காரணம் என்று பெருமையாகச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் கட்டியதற்குக் கல்வெட்டு வைப்பார்கள். கட்டாததற்கு வைக்கும் வழக்கம் இருந்திருந்தால் ஏரியோரத்தில் தெருவுக்கு நாலு இருந்திருக்கும், எல்லாவற்றிலும் அவர் பெயர்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவருக்கு மாடியில் வைத்திருக்கும் சோலார் ஹீட்டரில் தண்ணீர் சுடாமல் போய்விடும். ஒருவருடைய மருமகளுக்கு யோகா செய்யும்போது முகத்தில் விழும் காலை வெளிச்சம் போய்விடும். ஓர் அம்மாவின் பூனைக்கு மனசு சரியில்லாமல் போய்விடும்.

"பதினாறு குடும்பம்னா பதினாறு குப்பைத் தொட்டி," என்றார் ஒருவர், ஏதோ பெரிய கணக்கைக் கண்டுபிடித்த மாதிரி.

"எப்படிப்பட்டவங்க வருவாங்கன்னு நமக்குத் தெரியாதே," என்றார் இன்னொருவர்.

"நல்லவங்கதான் சார் வருவாங்க," என்று டைல்ஸ் அண்ணன் எழுந்தார். "பேங்க்ல லோன் குடுக்குற அளவுக்கு நல்லவங்க."

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு துணைச் செயலாளரான பல் டாக்டர் எழுந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். அதனால் அவருக்கு எதிராளி என்று ஒருவர் இருக்கலாம் என்பதே மறந்து போயிருந்தது.

"அந்த ஃபாக்டரியோட புகைபோக்கி," என்று தழுதழுத்தார். "அதை இடிக்கிறதுன்னா எங்க சின்ன வயசை இடிக்கிற மாதிரி. அந்த பிஸ்கட் வாசனையிலதான் நாங்க வளர்ந்தோம்."

அந்த வாசனையால் தலைவலி வருகிறது என்று ஊர்வலம் போய் ஃபாக்டரியை மூட வைத்தவர்களே அவர்கள்தான். என் சித்தப்பா அங்கே பேக்கிங் பிரிவில் இருந்தார். வேலை போன அன்றைக்கு ஊர்வலத்தில் முன்னால் வந்தவர்கள் யார் யார் என்று வீட்டில் ஒரு பாட்டாகவே பாடித் தீர்த்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். டைல்ஸ் அண்ணன் என் காலை மிதித்தார்.

பெரிய டீச்சர் முடித்து வைத்தார். "நாங்க வீடு கட்டுறதுக்கு எதிரிங்க இல்ல. எல்லாருக்கும் வீடு வேணும். இந்த இடத்துல, இந்த உயரத்துல, இந்த நேரத்துல வேணாம்னுதான் சொல்றோம். அந்த மூணாவது மாடியை எடுத்துட்டு வாங்க. பேசலாம்."

"மூணாவது மாடியை எடுத்தா நாலு வீடு போயிடும் மேடம்," என்றேன்.

"போகட்டுமே," என்றார் அமைதியாக.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம். பெரிய டீச்சர் மூச்சு வாங்க என் ஆபீஸ் படியேறி வந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்து, கதவைத் தானே சாத்தினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அலமாரி மேல் இருந்த அட்டைக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மூணாவது மாடியில, இந்த மூலை வீடு... இதுலேர்ந்து ஏரி தெரியுமா?"

"நல்லா தெரியும் மேடம்."

"காத்து?"

"ரெண்டு பக்கமும் ஜன்னல்."

"ம்," என்றார். அட்டை ஜன்னலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அதை யாருக்கும் குடுத்துடாத. என் பொண்ணுக்கு வேணும்."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். "மூணாவது மாடியை நீங்கதானே மேடம் எடுக்கச் சொன்னீங்க?"

"அது பொதுவா சொன்னது."

மகள் அதே ஏரியோரத்து மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். புருஷன், சின்னப் பையனோடு ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில் வாடகைக்கு இருந்தாள். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். திரும்பிப் போய்ச் சேரும்போது பையன் தூங்கியிருப்பான்.

"உங்க வீட்டுலயே அவ்வளவு இடம் இருக்கே மேடம்?"

"வாடின்னா மாட்டேங்குறா. 'அம்மா, உன்கூட ஒரே வீட்டுல இருந்தா நான் அஞ்சாங்கிளாஸ் பொண்ணா ஆயிடுறேன்'ங்குறா. பேரன் என்னைப் பார்த்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்குறான். நான் அதட்டவே இல்ல. சும்மா பார்த்தேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "பக்கத்துல, ஆனா தனியா. அப்படி ஒரு வீடு போதும். தேடாத இடமில்ல. இங்க வீடே இல்லம்மா!"

அதை அவர் ஏதோ வானிலை செய்தி மாதிரிச் சொன்னார். மழை இல்லை என்பது போல வீடு இல்லை.

"அப்ப கூட்டத்துல எங்களை ஆதரிச்சுப் பேசுங்களேன்."

"நான் எப்படிம்மா பேச முடியும்? நான் செயலாளர் இல்லையா?" என்று திகைத்தார். பிறகு முன்னால் குனிந்து, "நான் எதிர்க்கிற மாதிரி எதிர்க்கிறேன். நீங்க விட்டுக்குடுக்குற மாதிரி எதையாவது விட்டுக்குடுங்க. பால்கனிக் கம்பிக்குக் கலர் மாத்துறேன்னு சொல்லுங்க. நான் சமாதானம்னு சொல்லி முடிச்சுடுறேன்."

டைல்ஸ் அண்ணனிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். "கம்பிக்கு என்ன கலர் வேணும்னு கேளு தங்கச்சி. ஏழு கலர்லயும் அடிச்சுத் தரேன்!"

அடுத்த கூட்டம் நாடகம் மாதிரியே தொடங்கியது. பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இந்தப் பால்கனிக் கம்பி சிவப்பா இருக்கே, நம்ம தெருவுக்குப் பொருந்தல," என்றார்.

"பச்சை ஆக்கிடுறோம்!" என்று டைல்ஸ் அண்ணன், அவர் சொல்லி முடிப்பதற்குள் கத்தினார். வசனம் மறந்துவிடுமோ என்ற பயம்.

"அப்படின்னா சங்கத்துக்கு மேற்கொண்டு..." என்று டீச்சர் முடிக்கப் போன நேரத்தில் பல் டாக்டர் எழுந்தார்.

"கம்பியா? நாம கம்பியைப் பத்தியா பேச வந்தோம்?" ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "செயலாளர் அம்மா ரொம்ப உழைச்சு அசந்து போயிட்டாங்க. அவங்க நமக்குச் சொல்லிக்குடுத்ததையே நான் ஞாபகப்படுத்துறேன். 'ஒரு மாடியை விட்டோம்னா ஊரையே விட்ட மாதிரி.' யார் சொன்னது? நம்ம டீச்சர் சொன்னது!"

கைதட்டல் ஹால் கூரையைத் தூக்கியது. தன் கையால் பிரம்பு செய்து கொடுத்து அதாலேயே அடி வாங்கியவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது டீச்சர் முகம். மூணாவது மாடி போனது.

வெளியே மரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது மாடியில ஏரி தெரியுமா?"

"மரம் மறைக்கும். கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம் போதும்," என்றார்.

அந்தக் கொஞ்சமும் நிலைக்கவில்லை. ஏற்கெனவே பெருகிய கார்கள் போதாதா, இன்னும் கார் வரக்கூடாது என்றவர்கள், அதற்கடுத்த கூட்டத்தில் எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் பற்றவில்லை என்றார்கள். தரைத்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம் ஆனது. மனுஷர்கள் குடியிருக்க வேண்டிய நாலு வீட்டில் கார்கள் குடியேறின. எட்டு வீடு மிஞ்சியது. வரைபடத்தை அழித்து அழித்து என் அழிப்பானே தேய்ந்துவிட்டது. டைல்ஸ் அண்ணன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு தோள்ல ஏற வேண்டிய நிலத்தோட விலை இப்ப எட்டுத் தோள்ல ஏறுது தங்கச்சி. நர்ஸுக்கும் கிளார்க்குக்கும் கட்டுறேன்னு சொன்னேன். இனிமே நானே வாங்க முடியாத வீட்டைத்தான் கட்டுவேன் போல."

டீச்சரின் மகளை நான் முதலில் பார்த்தது நாலாவது கூட்டத்தில். அம்மா எங்களிடம் வந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. மருத்துவமனை வாசலில் ஒட்டியிருந்த கூட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து அதே சீருடையில் வந்திருந்தாள். சின்ன வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போனவள் என்பதால் ஹாலில் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. பேசலாமா என்று கேட்டாள். செயலாளர் நாற்காலியில் இருந்த அம்மா வெலவெலத்துப் போய்த் தலையாட்டினார்.

"நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்," என்றாள். "இங்க இருக்குறவங்கள்ல பாதிப் பேரை நான் மயக்கத்துல பார்த்திருக்கேன்."

ஹால் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அவசரம்னு கூப்பிட்டா நான் வந்து சேர ரெண்டு பஸ் மாறணும். போன மாசம் ஒருத்தரை மேசையில படுக்க வச்சுட்டு டாக்டர் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தார். நல்லவேளை, பொழைச்சுக்கிட்டார். இங்க ஒரு வீடு இருந்தா நான் நடந்தே வந்துடுவேன். என் பையன் இந்த ஸ்கூல்ல படிப்பான். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பல் டாக்டர் தன் கையாலேயே அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து, வரிசையாக ஆரம்பித்தார்கள்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குக் கட்டாயம் வீடு வேணும். ஆனா பஸ் டிப்போவுக்குப் பின்னாடி நிறைய காலி இடம் கிடக்கே?"

"ஆஸ்பத்திரிக்காரங்களே குவார்ட்டர்ஸ் கட்டித் தரலாமே?"

"எங்க சார் கட்டுறது?" என்றார் டைல்ஸ் அண்ணன்.

"வேற எங்கயாவது."

பூனை வளர்க்கும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார். "உன்னைப் பார்த்தா என் பொண்ணு ஞாபகம் வருதும்மா."

"அவங்க எங்க இருக்காங்க ஆன்ட்டி?"

"அவளும் ரொம்பத் தூரத்துலதான். பாவம், இங்க எங்க வீடு கிடைக்குது?"

சொல்லிவிட்டு அந்த அம்மா கட்டடத்துக்கு எதிராகக் கையைத் தூக்கினார். ஹாலில் ஒருவருக்கும் அதில் ஏதும் வித்தியாசமாகப் படவில்லை. மகள் மட்டும் அவரைக் கண் இமைக்காமல் பார்த்தாள்.

அப்போதுதான் பெரிய டீச்சர் எழுந்தார்.

"எழுதிக்கோங்க," என்றார். "செயலாளர் ஆதரவு."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு வீட்டுக்கும் ஆதரவு. எடுத்த மாடியைத் திரும்பப் போட்டாலும் ஆதரவு. எனக்கு நிழல் பரவாயில்ல. இத்தனை வருஷம் நிழலுக்குத்தானே மரம் வளர்த்தோம்?"

பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா மேடம்?"

"என் பொண்ணு."

"அப்ப இது சொந்த லாபம் இல்லையா?"

"ஆமா, சொந்த லாபம்தான்," என்றார் டீச்சர். "உங்களுக்கு இருக்குறது என்ன, பொது லாபமா? உங்க மொட்டை மாடியிலேர்ந்து ஏரியைப் பார்க்குறதுக்கு நடுவுல இந்தக் கட்டடம் வருது. அதை மறைக்கப் புகைபோக்கியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுறீங்க. உங்க பரீட்சைத் தாளையே நான் திருத்தியிருக்கேன்டா. நீ காப்பி அடிக்கிறது எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். 'டா' என்ற ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவமதிப்பு என்றார்கள். மாண்பு என்றார்கள். பத்தே நிமிஷத்தில் கைகளை உயர்த்திப் பெரிய டீச்சரைப் பதவியிலிருந்து இறக்கி, பல் டாக்டரை ஏற்றினார்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அத்தனை வேகமாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

வெளியே தாயும் மகளும் நின்றிருந்தார்கள். நானும் அட்டைக் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"முதல் கூட்டத்துலயே இப்படிப் பேசியிருக்கக் கூடாதாம்மா?" என்றாள் மகள்.

"அப்ப இந்தக் கட்டடத்துல உனக்கு ஒரு வீடு கிடைக்கும்னு எனக்குத் தோணலடி."

"எனக்கு வேணாம். வேற யாருக்கோ வேணும்னு வச்சுக்கோ. அப்ப?"

டீச்சர் யாரோ தொலைத்த பொருளைத் தேடுவது மாதிரி தரையைப் பார்த்தார். மகள் அவருடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, வீட்டுல விட்டுட்டுப் போறேன்," என்றாள். அவள் பிடிக்க வேண்டிய இரண்டு பஸ்ஸில் முதலாவது அன்றைக்குப் போய்விட்டது.

கட்டடம் கடைசியில் எழும்பத்தான் செய்தது. புகைபோக்கியை நினைவுச் சின்னமாக நிறுத்தி அதைச் சுற்றி இடம் விட்டதில், மூன்றே மூன்று வீடுகள் மிஞ்சின. நிலத்தின் விலை முழுக்க மூன்று தோளில் ஏறியதால் தரையில் சலவைக் கல், குளியலறையில் நாலு பேர் படுக்கலாம். மூன்றையும் நேரில் வந்து பார்க்காதவர்கள் வாங்கினார்கள். ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார். ஒன்று ஏதோ கம்பெனிக்கு விருந்தினர் மாளிகை. மூன்றாமவர் யாரென்று விற்ற டைல்ஸ் அண்ணனுக்கே சரியாகத் தெரியாது. திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும். விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். குப்பைத் தொட்டி காலி.

"எவ்வளவு அமைதியான மனுஷங்க!" என்று பல் டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்தார்.

ஏரியோரத்தில் குடியிருப்பவர்களுக்கே இடம் தரும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள். அதைக் கண்டித்து ஏரியோரத்தில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று விசாரிக்கத் தனிக் குழு ஒன்று அமைத்தார்கள். குழு இன்னும் விசாரிக்கிறது.

'பார்க்கலாம் சார்' நல்லபடியாக ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் கொஞ்சம் துடிப்பானவர். அவர் 'கவனிக்கிறோம்' என்பார். டைல்ஸ் அண்ணன் போட்டதை எடுத்ததே பெரிது என்று கையைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே, யாரும் ஆசைப்படாத பொட்டல் காட்டில் வரிசை வரிசையாக வீடு கட்டப் போய்விட்டார். அங்கே சரசரவென்று எழும்புகின்றன. தடுக்க ஆளில்லை. பஸ்ஸும் இல்லை.

பெரிய டீச்சர் என்னை விட்ட பாடில்லை. தன் வீட்டு மேல்மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு, தனிச் சமையலறை வைத்து வரைந்து கொடுக்கச் சொன்னார். தனி வாசல் என்றதும் மகளும் சம்மதித்தாள். படிக்கட்டு தெருவின் அழகைக் கெடுக்கும் என்று சங்கம் ஆட்சேபம் கொடுத்தது. திட்ட அலுவலகம் கவனித்தது. டீச்சர் வாரம் தவறாமல் அங்கே போய், டோக்கன் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே மற்றவர்களை அவர் எப்படி உட்கார வைத்தாரோ அப்படியே.

மகளால் அத்தனை நாள் காத்திருக்க முடியவில்லை. வேறு ஊர் மருத்துவமனையில், குவார்ட்டர்ஸோடு வேலை கிடைத்தது. போய்விட்டாள். பேரனை இப்போது டீச்சர் போனில்தான் பார்க்கிறார். போன் என்பதால் அவன் கையைக் கட்டுவதில்லை என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் வரைபடத்தைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் போய்ச் சில மாதங்கள் கழித்து, படிக்கட்டுக்கு அனுமதி வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"கட்டிடும்மா," என்றார்.

"யாருக்கு மேடம்?"

"அந்த ஆஸ்பத்திரியில இன்னும் நர்ஸுங்க இருக்காங்கல்ல?"

கட்டினோம். ஏரியோரத்தில் நான் வரைந்தது வரைந்தபடியே எழும்பியது அந்த இரும்புப் படிக்கட்டு ஒன்றுதான். மேல்மாடிக்கு இரண்டு நர்ஸ்கள் குடி வந்தார்கள். டீச்சர் பார்த்ததுமில்லை, உறவுமில்லை. ஒருத்தி சத்தமாகப் பாடுவாள், இன்னொருத்தி துணியைப் பால்கனிக் கம்பியில் தெருப் பார்க்கக் காயப்போடுவாள். ஒரு பழைய ஸ்கூட்டரும் வைத்திருந்தார்கள். அது கிளம்பினால் தெருவுக்கே தெரியும்.

படிக்கட்டில் ஒரு மூட்டு ஆடுகிறது என்று கூப்பிட்டதால் ஒருநாள் காலையில் நான் அங்கே இருந்தேன். பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், இந்த ஸ்கூட்டர் சத்தம் தாங்கல. தெருவே முழிச்சுக்குது. நம்ம ஏரியாவோட அமைதின்னு ஒண்ணு இருக்குல்ல? சங்கத்துல பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க," என்றார் டீச்சர். "பேசுங்க, கூட்டம் போடுங்க. எத்தனை வருஷம் ஆகும்?"

டாக்டர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார், படிக்கட்டை நான் வரைந்ததற்கு. அதே சமயம் பாடுகிற நர்ஸ் தலையில் ஹெல்மெட்டோடு தடதடவென்று இறங்கி வந்தாள். டாக்டர் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் சுருங்கியிருந்தது.

"மேடம், வேணும்னா தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போயிடுறேன்."

"எதுக்குத் தள்ளணும்? வண்டி ஓட்டத்தானே வாங்குன?" டீச்சர் அவள் ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிசெய்தார். "அதுல ஹாரன் வேலை செய்யுதா?"

"செய்யுது மேடம்."

"டாக்டர் வீட்டைத் தாண்டும்போது ஒரு தடவை அடிச்சுட்டுப் போம்மா."